மூன்றாம் எண் கூண்டு ஏறினால் என்ன பொருள்?

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மும்பையில் நாம் முதலில் அழைத்துப் போகும் இடம் கேட்வே. அங்கிருந்து லாஞ்சில் ஏறி எலிபெண்டா குகை. காலையில் போகும்போது கடல் குளம் போலக் கிடக்கும். மாலையில் திரும்பும்போது அதே லாஞ்சு தொட்டில் போல ஆடும். குழந்தைகள் அழும், பெரியவர்களுக்குக் குமட்டும். "காலையில் நன்றாகத்தானே இருந்தது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

காரணம் காற்றுதான். வெயில் ஏற ஏறக் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகிறது. தரைக்கு மேலுள்ள காற்று இலேசாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று ஓடி வருகிறது. மும்பையில் பனிக்காலத்திலும் கோடையிலும் இது வடமேற்கிலிருந்து வரும். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை இதற்கு வேகம் அதிகம். இரவில் தரை குளிர்ந்துவிடும். காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அதனால்தான் விடியற்காலைக் கடல் அமைதியாக இருக்கிறது.

இதோடு ஓதமும் சேரும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காற்று ஒரு பக்கமும் ஓதநீர் எதிர்ப்பக்கமும் ஓடினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சிறு படகுக்கு இதுதான் தொல்லை.

ஊர்க் கணக்கு இங்கே செல்லாது

தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே புயல் பயம். வாடைக்காற்று கடலைக் கலக்கும் காலம் அது. மும்பையில் அந்த மாதங்களில்தான் கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். வடகிழக்குக் காற்று இங்கே தரையைக் கடந்து வருவதால் கரையோரத்தில் அலை எழும்புவதில்லை.

ஜூன் இரண்டாவது வாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மும்பைக்கு வந்துவிட்டால் கதை மாறிவிடும். நம் குமரிக் கடற்கரையில் 'கச்சான்' என்கிறார்களே, அந்த மேல்காற்று அரபிக்கடல் முழுவதையும் கடந்து நேரே கரையில் மோதும். என்ஜின் நின்றுபோன படகைக் காற்று பாறைப் பக்கமே தள்ளும்.

ஆகவேதான் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனம் பெருகவும் இந்தத் தடை உதவுகிறது. நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் இட்டு வணங்கிப் புதுப் பருவத்தைத் தொடங்குகிறார்கள்.

கூண்டு சொல்லும் சேதி

"துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது" என்று பத்திரிகையில் படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். மொத்தம் 11 எண்கள் உண்டு.

1: தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது.
2: தொலைவில் புயல் உருவாகியிருக்கிறது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கு ஆபத்து.
3: பலத்த காற்று துறைமுகத்தையே தாக்கலாம்.
4: புயலே துறைமுகத்தைத் தாக்கலாம்.
5, 6, 7: புயல் துறைமுகத்துக்கு ஒரு பக்கமாகவோ மறுபக்கமாகவோ நேராகவோ கரையைக் கடக்கும்.
8, 9, 10: அதே மூன்று நிலைகள், ஆனால் வருவது கடும்புயல்.
11: வானிலை நிலையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது.

ஆக, 1-ம் 2-ம் தூரத்துச் சேதி. 3 என்றால் ஆபத்து நம் வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

"மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ." என்று அறிவிப்பில் வரும். இடையிடையே வீசும் அந்த 65-தான் படகைக் கவிழ்ப்பது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 62 கி.மீ.யைத் தொட்டு நிலையாக வீசினால் அதற்குப் புயல் என்று பெயர்.

மறக்க முடியாத நாட்கள்

2017 நவம்பர் 29-ஆம் தேதி குமரிக் கடலருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையே ஒக்கி புயலாகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டவர்கள். எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவில்லை. காற்றோடு போராடிச் சில படகுகள் லட்சத்தீவிலும், இங்கே மராட்டியத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் கரை சேர்ந்தன. பலர் திரும்பவே இல்லை.

2021 மே 17-ஆம் தேதி டௌக்டே புயல் மும்பைக்கு அப்பால் கடந்து சென்றது. பம்பாய் ஹை எண்ணெய்க் களத்தருகே பி-305 என்ற மிதவைக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 261 பேரில் 186 பேரைத்தான் கடற்படையினர் உயிரோடு மீட்க முடிந்தது. அத்தனை பேரும் பிழைப்புக்காக வீட்டை விட்டு வந்த தொழிலாளிகள், நம்மைப் போன்றவர்கள்.

நாம் செய்ய வேண்டியது

லாஞ்சில் போவதானால் காலையில் போய், பிற்பகல் காற்று வலுக்கும் முன் திரும்பிவிடுங்கள். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். கூட்டம் அளவு மீறினால் அடுத்த லாஞ்சுக்குக் காத்திருங்கள்.

படகில் வேலை செய்யும் தம்பிமார்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கடலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கடலோரக் காவல் படையின் அவசரத் தொலைபேசி எண் 1554.

சசூன் டாக்கிலோ வேறு துறையிலோ உங்கள் அண்ணனோ மைத்துனனோ படகில் இருந்தால், அவர் கிளம்பும் முன் கூண்டு எத்தனை என்று கேளுங்கள். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். ஊரில் தந்திக்காரனைப் பார்த்தே நடுங்கிய தலைமுறை நம்முடையது. அப்படி ஒரு சேதி எந்த வீட்டுக்கும் போக வேண்டாம்.