காதில் ஒரு சிறு வெட்டு: தெருநாய்க் கருத்தடைப் பணியில் நாம் செய்யக்கூடியவை

பெங்களூரு தும்கூர் சாலையில், மெட்ரோ ரயில் பாதைக்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் பீன்யா தொழிற்பேட்டையை நம் வாசகர்களில் பலர் நன்கு அறிவர். லேத் பட்டறைகள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் எனச் சிறிதும் பெரிதுமாகத் தொழிலகங்கள் நெருங்கி நிற்கும் இடம் அது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைப்புக்கு வந்து, பின்னர் சொந்தப் பட்டறை வைத்த தமிழர்கள் அங்கு உண்டு. அவர்களுள் ஒருவர், நம் நெடுநாள் வாடிக்கையாளர், சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு சிக்கலைச் சொன்னார்.

அவருடைய பட்டறையின் பின்புறம், இரும்புச் சீவல் மூட்டைகளின் ஓரமாக ஒரு தெருநாய் மூன்றாம் முறையாகக் குட்டி போட்டிருந்தது. தேநீர் கொண்டுவரும் சிறுவன் அவ்வழியே போனபோது, குட்டிகளைக் காக்கும் வெறியில் அது அவன் காலைக் கடித்துவிட்டது. இரவுப் பணிக்கு வரும் பெண்கள் அந்தச் சந்தில் நடக்க அஞ்சினார்கள். “ஒரு வண்டி பிடித்து, எல்லாவற்றையும் நெலமங்கலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடலாமா? உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் இருக்கிறார்களா?” என்று அவர் கேட்டார். கொல்ல அவருக்கு மனமில்லை. வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை.

அவருக்குச் சொன்ன விடையையே விரித்து இங்கே எழுதுகிறோம். ஏனெனில் இக்கேள்வி அவருடையது மட்டுமன்று.

இடம் மாற்றினால் தீருமா?

ஒரு தெருவில் நாய்கள் வாழ இரண்டு பொருள்கள் வேண்டும்: உணவும் ஒதுங்க இடமும். உணவகத்தின் கழிவு, தொழிலாளர் மீத்து வைக்கும் மதியச் சோறு, மூடாத குப்பைத்தொட்டி ஆகியன இருக்கும்வரை அந்தத் தெரு நாய்களை அழைத்துக்கொண்டே இருக்கும். இருந்த நாய்களை அகற்றினால், அவை காத்துவந்த எல்லை வெறுமையாகிறது. சில வாரங்களில் பக்கத்துத் தெரு நாய்கள் அதை நிரப்பும். அவை நம் முகம் அறியாதவை. தடுப்பூசி போட்டவையா என்பதும் தெரியாது. கொண்டுபோய் விடப்பட்ட நாய்களோ அயல் எல்லையில் சண்டையிட்டு மடியும், அல்லது அங்குள்ளோர்க்குத் தொல்லையாகும். சிக்கல் தீரவில்லை, முகவரிதான் மாறுகிறது.

கணக்கையும் பார்ப்போம். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைகிறது. ஓராண்டு நிறையும் முன்பே முதற்பருவத்தை எட்டிவிடுவதும் உண்டு. ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று கொண்டால் ஆண்டுக்குப் பத்து. அவற்றுள் பாதி வண்டிச் சக்கரத்திலும் நோயிலும் மாண்டாலும் ஐந்து மிஞ்சும். அந்த ஐந்தில் இரண்டு பெண்ணாயின் மறு ஆண்டு அவையும் ஈனத் தொடங்கும். ஒரு பட்டறையின் பின்முற்றம் இரண்டே ஆண்டுகளில் நிரம்பிவிடுவது இவ்வாறே.

சென்னையில் பிறந்த வழி

இச்சிக்கலுக்கு இன்று நாடெங்கும் சட்டம் ஏற்றுள்ள தீர்வு சென்னையில் உருவானது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959-இல் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினர். அக்காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கம். ஆண்டுதோறும் கொன்றும் நாய்கள் குறையவில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய அவ்வமைப்பினர், 1964-இல் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறையைத் தொடங்கினர். சுந்தரத்தின் மகன் முனைவர் சின்னி கிருஷ்ணா இத்திட்டத்தை முன்னெடுத்தவர். அரிச்சுவடிபோல் எளிது என்ற பொருளில் ‘ஏபிசி’ என்னும் பெயர் இதற்கு நிலைத்தது. சென்னை மாநகராட்சி இதனை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001-இல் நடுவண் அரசு விதிகளை வகுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2023-இல் புதிய விதிகள் வந்தன. கருத்தடைக்கான பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின்மீது இவை வைக்கின்றன. விலங்கு நல வாரியத்தின் திட்ட ஏற்புப் பெற்ற அமைப்புகளே இப்பணியைச் செய்யலாம் என்றும் வரையறுக்கின்றன.

பெங்களூரு கற்ற பாடம்

பெங்களூருக்கு இது எளிதில் வந்த அறிவன்று. 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெருநாய்கள் தாக்கி அந்நகரில் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். மக்கள் சினம் பொங்கியது. பெருமளவில் நாய்கள் பிடிக்கப்பட்டன, கொல்லவும்பட்டன. குழந்தையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு முன் எந்த வாதமும் சிறியதே. ஆயினும் அடுத்த குழந்தையைக் காப்பது எது என்ற கேள்விக்கு, அந்தக் கொலைகள் விடையாகவில்லை.

பொறுமையான பணியே எண்ணிக்கையில் மாற்றத்தைக் காட்டியது. மாநகராட்சியின் 2019 கணக்கெடுப்பில் நகரின் தெருநாய்கள் ஏறத்தாழ 3.10 இலட்சம், 2023-இல் 2.79 இலட்சம். அதே காலத்தில் கருத்தடை பெற்றவற்றின் விழுக்காடு 51-இலிருந்து சுமார் 72-ஆக உயர்ந்தது. எனினும் இது நகரின் சராசரி. பத்து நாய்கள் உள்ள தெருவில் ஒரே ஒரு பெண் நாய் விடுபட்டாலும் அந்தத் தெருவின் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். விடுபட்ட அந்த ஒன்று எங்கே படுத்திருக்கிறது என்பதை மாநகராட்சி அலுவலர் அறியார்; தெருவில் வாழ்பவரும் பட்டறையில் உழைப்பவருமே அறிவர். தன்னார்வத் தொண்டின் தேவை தொடங்குவது இவ்விடத்தில்தான்.

கருத்தடை மையத்தில் நடப்பது என்ன?

கட்டணமின்றிச் செய்யப்படும் கருத்தடை என்றதும், அவசரமாக ஓர் அறுவை, உடனே தெருவில் விடுதல் என்று எண்ணுவோர் உண்டு. முறையாக நடக்கும் மையத்தில் ஒவ்வொரு நாய்க்கும் பல நாள் பராமரிப்பு உள்ளது.

முதலில் பிடித்தல். வலையாலோ கையாலோதான் பிடிக்க வேண்டும். கம்பிச் சுருக்கும் இடுக்கியும் கூடா. பிடித்த இடம், நாள், நாயின் நிறம், பாலினம் ஆகியவை பதிவேட்டில் ஏற வேண்டும். இது வெறும் எழுத்து வேலையன்று. ‘பீன்யா’ என்று மட்டும் எழுதினால், இருபது தெருக்களில் எந்தத் தெருவில் கொண்டுபோய் விடுவது? இடம் தவறிய நாய் எல்லை தவறிய நாய்.

ஆறு மாதம் நிறையாத குட்டிகளுக்கு அறுவை செய்வதில்லை. பால் கொடுக்கும் தாயையும் பிடிப்பதில்லை; பிடித்தால் குட்டிகள் பசியால் மடியும். தகுதியுள்ள நாயை அறுவைக்கு முன் பட்டினியாக வைத்திருப்பர். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழல் அடைபடும் என்பதே காரணம். பிறகு எடை பார்ப்பர். மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஆகையால் இங்கே நேரும் பிழை உயிரை வாங்கும்.

பெண் நாய்க்குச் சினைப்பைகளையும் கருப்பையையும், ஆண் நாய்க்கு விதைகளையும் கால்நடை மருத்துவர் அகற்றுவார். மயக்கம் தெளியும் முன்பே வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படும். காது மடலின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டும் இடப்படும். இந்த நாய் முன்பே சிகிச்சை பெற்றது, மீண்டும் பிடிக்க வேண்டியதில்லை என்று தொலைவிலிருந்தே சொல்லும் அடையாளம் அது.

அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் மையத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. தையல் ஆறியதும், பிடித்த அதே இடத்தில் விடுவர்.

தன்னார்வலர் செய்யத்தக்கவை

அறுவை அரங்கில் நமக்கு வேலையில்லை. ஊசி போடுவதும், சீறும் நாயைப் பற்றுவதும் பயிற்சி பெற்றோர் பணி. மற்றவற்றுள் நம் கைக்கு ஏற்றவை ஏராளம்.

மயக்கம் தெளியும் அறையில் அமர்ந்து கவனிப்பது அவற்றுள் முதன்மையானது. மயக்கத்தில் நாயின் உடற்சூடு தாழும். ஆகவே பழைய போர்வையால் போர்த்த வேண்டும். மூச்சு சீராக உள்ளதா, நாக்கும் ஈறும் வெளிறுகின்றனவா, தையலில் குருதி கசிகிறதா என்று பார்த்து, மாற்றம் கண்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். முற்றும் தெளியும்வரை உணவோ நீரோ தரலாகாது. இதற்குப் பட்டம் வேண்டா. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை போதும்.

கூண்டு கழுவுதல், துணி துவைத்தல், எடையைக் குறித்தல், பதிவேடு எழுதுதல் ஆகியவற்றுக்கும் கைகள் தேவை. மையத்துக்கு வர இயலாதவர், தம் தெருவின் நாய்களைக் கணக்கெடுக்கலாம்: எத்தனை, எவை காது வெட்டப்பட்டவை, எது பெண், எது குட்டி ஈன்றது. தினமும் உணவிடுபவர், பிடிக்கும் நாளன்று அவ்விடத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நாய் அவர் குரலுக்கு வரும்.

தற்காப்பு முதலில்

தொண்டு செய்ய விரும்புவோர் தொடங்கும் முன்பே மருத்துவரை அணுகி, வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இந்நோய் முற்றி அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. மனிதருக்கு இது பரவுவது பெரும்பாலும் நாய்க்கடியால்.

கடியோ கீறலோ பட்டால் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தசையில் போடும் ஊசியாயின் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 14, 28-ஆம் நாள்களிலும் போடுவர். ஆழ்ந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் உண்டு. புண் ஆறிவிட்டதென்று இடையில் நிறுத்துவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சட்டமும் அண்டை வீட்டாரும்

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தந்த உத்தரவில், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், வெறிநோய் கண்டவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் அது பொருந்தாது என்றும் கூறியது. உணவிடுவதற்குத் தனி இடங்களைக் குறிக்கவும் பணித்தது. அதே ஆண்டு நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடலாகாது என்றது. தொண்டு செய்வோர் இத்தகைய உத்தரவுகளை அவ்வப்போது கேட்டறிந்து நடக்க வேண்டும். நாய்க்கு அஞ்சும் அண்டை வீட்டாரைப் பகைவராக எண்ணாமல், அவர்தம் அச்சத்தைக் கேட்பதும் தொண்டின் ஒரு பகுதியே.

பொருள் உதவி செய்வோர்க்கு

கட்டணம் வாங்காத மையத்துக்கும் மருந்து, தையல் நூல், உணவு, வண்டி எரிபொருள் ஆகிய செலவுகள் உண்டு. நன்கொடை தருமுன் அமைப்பின் பதிவையும், விலங்கு நல வாரிய ஏற்பையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பணத்தை அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்துவதே முறை. தனியாளின் கணக்கில் அன்று. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு, தகுதிபெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடையில் வருமான வரிச் சலுகை உண்டு, ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அச்சலுகை கிடையாது. நிறுவனங்களுக்கு ஒரு செய்தி: 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் வகுத்த சமூகப் பொறுப்புப் பணிகளின் பட்டியலில் விலங்கு நலமும் இடம்பெற்றுள்ளது.

மீண்டும் பீன்யாவுக்கு

நம் வாடிக்கையாளர் வண்டி பிடிக்கவில்லை. தேநீர்ச் சிறுவனைத் தாமே அழைத்துச் சென்று எல்லா ஊசியையும் போடச் செய்தார். குட்டிகள் பால் மறக்கும்வரை சந்தின் அப்பகுதியைத் தகரத்தால் மறைத்து, மாற்று வழி விட்டார். இரண்டு குட்டிகளைத் தொழிலாளர் வீட்டுக்குக் கொண்டுசென்றனர்; ஒன்று லாரியில் அடிபட்டு இறந்தது. அதன்பின் மாநகராட்சிக்கு மனு எழுதி, தாயை மையத்துக்கு அனுப்பினார். ஆறாம் நாள் அது அதே வாயிலில் இறக்கிவிடப்பட்டது.

இப்போது அவர் பக்கத்துப் பட்டறைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்திருக்கிறார். அந்தச் சந்தில் பதினோரு நாய்கள். ஏழின் காதில் வெட்டு உண்டு. மீதமுள்ள நான்கில் மூன்று பெண். அடுத்த பருவம் வருமுன் அவற்றை அனுப்பிவிட வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்து வைத்துள்ளார். உங்கள் தெருவில் எத்தனை என்று இன்று மாலை எண்ணிப் பாருங்கள். தொண்டு அந்த எண்ணிக்கையில் தொடங்குகிறது.