சூரியன் மறைந்த பின் 20 நிமிடங்கள்

மாணவர்களே, சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 7 மணியை ஒட்டியே மறைகிறது. மறைந்த பிறகு எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் தொடுவானத்தை நோக்கிக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி விரைவில் முடிந்துவிடுகிறது. கோடைக்கால லண்டனில் சூரியன் சாய்வாக இறங்கும். அங்கே அந்தி 40 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும்.

வீட்டில் இருப்பவருக்கு இந்த 20 நிமிடங்கள் பெரிதல்ல. நாள் முழுவதும் முதுகுப்பையைச் சுமந்து நடந்து, முகாமிடும் இடத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவருக்கு அது மிகக் குறுகிய அவகாசம். அதற்குள் கூடாரம் எழுந்து நிற்க வேண்டும்.

உங்களில் பலருக்கு இந்த நிலை வரப்போகிறது. அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர் 1967ஆம் ஆண்டில் புலாவ் உபினில் தொடங்கப்பட்டது. கல்வி அமைச்சு அதனுடன் சேர்ந்து உயர்நிலை 3 மாணவர்களுக்கு 5 நாள் வெளிப்புறப் பயிற்சியை நடத்துகிறது. சாரணர் இயக்கத்திலோ மாணவர் படையிலோ இருப்பவர்களும் முகாமுக்குச் செல்வார்கள். சிலர் குடும்பத்துடன் மலேசியக் காடுகளில் நெடுந்தூரம் நடக்கலாம். எங்கே போனாலும், கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரிக்கும் முதல் நாள் பயணத்தின் முதல் நாளாக இருக்கக் கூடாது.

ஏன்? நம் மூளையால் ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே கையாள முடியும். களைப்பு, பசி, கொசுக்கடி, கருமேகம் எல்லாம் சேரும்போது அந்த இடம் நிரம்பிவிடும். அப்போது "எந்தக் கோல் எந்த ஓட்டையில்?" என்ற கேள்விக்கு இடமிருக்காது. பலமுறை செய்து பழகிய வேலையைக் கைகள் அதிகம் யோசிக்காமலே செய்யும்.

பழகுவதிலும் ஒரு முறை உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் நினைவாற்றல் பற்றித் தம்மையே சோதித்து 1885ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களுக்கு இடையே பிரித்துப் படித்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. தேர்வுக்குப் பொருந்தும் இந்த உண்மை கூடாரத்துக்கும் பொருந்தும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் வேண்டாம். மூன்று வெவ்வேறு நாள்களில் அரை மணி நேரம் போதும். அறிவியல் சோதனையைப் போல, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதல் பயிற்சி: வரவேற்பறை

சோபாவைத் தள்ளி வைத்தால் இருவர் படுக்கும் சிறு கூடாரம் வீவக வீட்டு வரவேற்பறையில் நிற்கும். முதலில் எல்லாப் பாகங்களையும் தரையில் பரப்பி எண்ணுங்கள். உள்கூடாரம், மழைவிரிப்பு, கோல்கள், முளைகள், கயிறுகள். ஏதாவது குறைந்தால் இன்றே தெரிந்துவிடும்.

கோல்கள் வளைவதைக் கவனியுங்கள். வளைந்த கோல் மீள்சக்தியைச் சேமித்துக்கொண்டு நிமிரத் துடிக்கிறது. துணி அதை இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு விசைகளும் சமமாக இருப்பதால்தான் கூடாரம் தானே நிற்கிறது. கோலை ஒரே இடத்தில் மடக்காமல் சீராக வளைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

வீட்டுத் தரையில் முளை அடிக்க முடியாது. என்ன செய்வது? தீபாவளிச் சமயத்தில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் சந்தைக்குப் போனால் கூடாரக் கால்களைக் கவனியுங்கள். தார்ச்சாலையிலும் முளை அடிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் கூடாரத்தை எடையால்தான் நிலைநிறுத்த வேண்டும். வீட்டில் நான்கு மூலைகளுக்கும் அரிசிப் பைகள் போதும்.

இரண்டாம் பயிற்சி: புல்தரை

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில், அதற்கென ஒதுக்கிய இடங்களில், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றே கூடாரம் அடிக்க வேண்டும். பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். இங்கே கற்க வேண்டியது முளையும் கயிறும்.

காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அதன் விசை ஒன்பது மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று 2 சதுர மீட்டர் பரப்புள்ள கூடாரப் பக்கத்தில் நேராக மோதினால், ஏறத்தாழ 330 நியூட்டன் விசை தள்ளும். அது 33 கிலோ பொருளின் எடைக்குச் சமம். நம் வட்டாரத்தில் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே வீசும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். பெரும்பாலும் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையில்தான் வரும்.

முளையை எப்படி அடிப்பது? அதன் தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் ஏறக்குறையச் செங்கோணத்தில் அமைய வேண்டும். கயிறு முளையின் திசையிலேயே இழுத்தால் முளை எளிதில் உருவிக்கொண்டு வரும். குறுக்கே இழுத்தால் முன்னால் உள்ள மண் முழுவதையும் தள்ளியாக வேண்டும். கடற்கரை மணலில் முளை பிடிக்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, குழியில் புதையுங்கள்.

கூடாரம் பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1911 ஜூலையில் வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவர் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி அண்டார்க்டிகாவின் கேப் குரோசியருக்குச் சென்றனர். குளிர்கால இருளில் வீசிய புயல் அவர்களுடைய கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. அது இல்லாமல் உயிரோடு திரும்ப முடியாது. புயல் தணிந்த பின் சுமார் அரை மைல் தள்ளி, நல்லவேளையாக அதிகம் சேதமின்றி, அதைக் கண்டெடுத்தனர். அதன் பிறகு பவர்ஸ் கூடாரத்தோடு தம்மைக் கயிற்றால் இணைத்துக்கொண்டே உறங்கினார்.

மூன்றாம் பயிற்சி: இருட்டு

மீண்டும் வரவேற்பறை, ஆனால் விளக்குகளை அணைத்துவிடுங்கள். தலைவிளக்கு மட்டும் போதும். மழைக்கோட்டை அணிந்து, கைகளை நனைத்துக்கொண்டு செய்யுங்கள். 20 நிமிடங்களுக்குள் முடிகிறதா என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

முகாமில் முதல் நாள் காலை கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் "ஒழுகுகிறது" என்று உடனே முடிவுசெய்யாதீர்கள். 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. அதாவது துணி மூன்று டிகிரி குளிர்ந்தாலே அதன்மேல் நீர்த்துளிகள் படியத் தொடங்கும். உங்கள் மூச்சும் ஈரத்தைச் சேர்க்கும். காற்றுத் திறப்புகளைத் திறந்து வைப்பதே தீர்வு. அவை எங்கே இருக்கின்றன என்று இந்தப் பயிற்சியில் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். நைலான் துணி நனைந்தால் சற்று நீண்டு தொய்யும். மழைக்குப் பின் கயிறுகளை மறுபடி இறுக்கப் பழகுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தப் பயிற்சியும் தராது. மின்னலிலிருந்து கூடாரம் உங்களைக் காக்காது. இடி கேட்டால் கட்டடத்துக்குள் செல்லுங்கள். பயணத்தில் இருந்தால் பயிற்றுநர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் குறிப்பேட்டில் மூன்று வரிகள் எழுதுங்கள்: எத்தனை நிமிடம், எங்கே தடுமாறினோம், அடுத்த முறை எதை மாற்றுவோம். கூடாரத்தை மடிக்கும் முன் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்தால் நம் வானிலையில் சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும். கடைசியாக முளைகளை எண்ணிப் பையில் போட்டு, அந்த எண்ணிக்கையைப் பையின்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.