படித்த இடத்துக்குத் திருப்பித் தருகிறவர்கள்

பொத்தேரி ரயில் நிலையத்தையொட்டிக் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களுக்கு எஸ்.ஆர்.எம். மாணவர்களே பெரும்பாலான வாடிக்கை. 1985-ல் தொடங்கிய கல்லூரி அது. நம் பிள்ளைகளும் இப்போது இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறார்கள். கட்டணம்தான் கவலை.

இதற்குப் பழைய மாணவர்கள் செய்யும் உதவியை நம்மில் பலர் அறிவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1970-ல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா, 2024 ஆகஸ்டில் அங்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். உதவித்தொகைக்கும் ஆராய்ச்சிக்கும் அதில் பங்குண்டு. கோடி எல்லோருக்கும் முடியாது. பலர் சேர்ந்து முதல் போட்டு, கோயில் கட்டளை மாதிரி முதலைத் தொடாமல் வட்டியில் ஒரு பிள்ளைக்குக் கட்டணம் கட்டலாம். ஆனால் கட்டணம் ஏறும், வட்டி ஏறாது. முதலைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். இது நமக்குத் தெரியாத கணக்கா?

பணத்தைவிட வழிகாட்டுதலே பெரிது என்பேன். நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று தராசு பிடிக்கும் தகப்பன் எப்படிச் சொல்வான்? கடைப்பையனுக்கு நாம் சரக்குப் பார்க்கப் பழக்குகிறோமே, அப்படி, அதே வகுப்பில் படித்து வேலைக்குப் போனவர் மாதம் ஒரு மணி நேரம் பேசினால் போதும். சிலர் சங்கப் பொறுப்பையும் சம்பளமின்றிச் சுமக்கிறார்கள்.

வட்டிக்கு வாங்குமுன் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். அரசுக் கலந்தாய்வில் இடம் கிடைத்து, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பிறகு கல்லூரி அலுவலகத்தில், பழைய மாணவர் சங்க உதவித்தொகை உண்டா, கடைசித் தேதி என்ன என்று கேளுங்கள். வருமானச் சான்றுக்கு நாளாகும்; பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே மனுப் போட்டுவிடுங்கள்.