பானட்டுக்குள் இடம் இருக்கா?

சூப்பர்சார்ஜர் என்பது வேறொன்றுமில்லை சார், கொல்லன் பட்டறைத் துருத்தியின் நவீன அவதாரம்! இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் போட்டு ஒரு பம்பைச் சுழற்றி, காற்றை உள்ளே திணிப்பார்கள். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோல் எரியும், சக்தி கூடும். கூடவே செலவும்!

எங்க சித்தையன்கோட்டைத் தம்பி ஒருத்தனுக்கு இதில் தீராத ஆசை. இருப்பது பழைய மாருதி 800. "சீட்டுப் பணம் வந்திருச்சுண்ணே. கொடைக்கானல் மலையில எவனும் நம்மள முந்தக் கூடாது!"

"முதல்ல பானட்டைத் தொறடா" என்றேன். உள்ளே 796 சி.சி. இன்ஜினும் சகாக்களும் முகூர்த்த நாள் டவுன் பஸ் மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள்.

இடத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது. இன்ஜின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, களிமண் உருண்டைகளை வைத்து, பானட்டை மெல்ல மூடித் திறக்க வேண்டும். நசுங்கியது போக நிற்கிற மண்ணின் உயரம்தான் நிஜமான இடம். அதிலும் முழுசும் நமக்கில்லை. ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அசையும். இடைவெளி விடாவிட்டால் இடிக்கும். புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் பிய்யும். அமுக்கிய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் தாறுமாறாகப் பற்றி பிஸ்டனைப் பதம் பார்க்கும். ஆற வைக்க இன்டர்கூலர் உண்டு. அதற்கும் இடம் வேணுமே!

பென்ட்லிக்கே இந்தக் கஷ்டம் இருந்தது. 1929-ல் பந்தய வீரர் டிம் பர்க்கின் 4½ லிட்டர் பென்ட்லியில் சூப்பர்சார்ஜர் மாட்டக் கிளம்பினார். இன்ஜினை மாற்ற டபிள்யூ.ஓ. பென்ட்லி சம்மதிக்கவில்லை. கடைசியில் ரேடியேட்டருக்கு முன்னால், புல்லாக்கு மாதிரி தொங்க விட்டார்கள்! சக்தி எகிறியது. ஆனால் 1930 லெ மான்ஸ் பந்தயத்தில் அந்தக் கார்கள் பாதியில் நின்றன. ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ்.

தம்பி அசரவில்லை. "நாமளும் பானட்டை வெட்டி வெளியே விட்ருவோம்ணே!"

வெட்டலாம். ஆர்.டி.ஓ. விடுவாரா? கம்பெனி வடிவமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஆசைப்பட்டால், பந்தயத்துக்கென்றே தனி வண்டி கட்டி, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்கில்தான் ஓட்ட வேண்டும்.

சீட்டுப் பணத்தில் நாலு புது டயர் போட்டு, பிரேக்கைச் சரி பண்ணச் சொன்னேன். மலையில் வேகமாக ஏறுவது பெரிசில்லை. முழுசாக இறங்கி வரணும்!