ஓநாய்க்குப் பிறந்த நாய்களுக்கு ஒரு சங்கம்!

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இது நம் ஊர்ப் பழமொழி. ஓநாய் என்றாலே நமக்கு ஆட்டுப் பட்டியின் எதிரி. அது அழுதால்கூட நாம் நம்புவதில்லை.

அந்த ஓநாயை நாயோடு சேர்த்து, ஒரு புதிய நாய் இனத்தையே உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள்!

அந்த நாயைத் தூரத்தில் பார்த்தால் ஓநாய்தான். சாம்பல் நிற மயிர். மஞ்சள் கலந்த கண்கள். நிமிர்ந்த காதுகள். ஆனால் வளர்த்தவர் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது!

உலகில் மிகச் சிலரிடமே இந்த நாய்கள் உண்டு. இவை இன்றும் இருப்பதற்குக் காரணம், வளர்த்தவர்கள் ஒன்று கூடி அமைத்த சங்கம். மரக்காணம் உப்பளக் கரையில் நாய் வளர்க்கும் குடும்பங்களுக்கும் அந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

எல்லைக் காவலுக்கு ஓநாய் ரத்தம்

அப்போது செக்கோஸ்லோவாகியா என்று ஒரு நாடு இருந்தது. 1993-இல் அது செக், ஸ்லோவாகியா என இரண்டு நாடுகளாகப் பிரிந்தது.

அந்த நாட்டின் எல்லைக் காவல் படையில் நாய்கள் வேலை செய்தன. அவை அல்சேஷன் நாய்கள். ஜெர்மன் ஷெப்பர்டு என்பதும் அதே நாய்தான். ஓநாயின் உடல் வலுவும், அல்சேஷனின் கீழ்ப்படிதலும் ஒரே பிராணியிடம் சேருமா? இப்படி ஒரு கேள்வி எழுந்தது.

1955-இல் சோதனை தொடங்கியது. கார்ப்பேத்திய மலை ஓநாயையும் அல்சேஷன் நாயையும் இணை சேர்த்தார்கள். இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் காரெல் ஹார்ட்டல் என்ற பொறியாளர்.

பெண் ஓநாயின் பெயர் பிரிட்டா. ஆண் நாயின் பெயர் செசார். 1958 மே மாதம் முதல் குட்டிகள் பிறந்தன.

குட்டிகள் பிழைத்தன. வளர்ந்து அவையும் குட்டி போட்டன. ஆனால் முதல் தலைமுறைக் குட்டிகள் ஓநாய்த் தாயைப் போலவே இருந்தன. மனிதரைக் கண்டால் ஒதுங்கின. பழக்குவது பெரும் பாடாக இருந்தது.

அவற்றை மீண்டும் அல்சேஷன் நாய்களோடு சேர்த்தார்கள். பிறகு வந்த தலைமுறைகள் சொன்னபடி கேட்கத் தொடங்கின. 1965-இல் சோதனை முடிந்தது. இனி இதை ஒரு தனி இனமாகவே வளர்ப்பது என்று திட்டம் போட்டார்கள்.

டச்சுக்காரரின் ஆசை

இதற்கு முன்பே, நெதர்லாந்து நாட்டில் ஒருவர் இதே வேலையில் இறங்கியிருந்தார். அவர் பெயர் லீண்டர்ட் சார்லோஸ்.

அந்தக் கால அல்சேஷன் நாய்கள் சொகுசாகிவிட்டன என்பது அவருடைய குறை. ஃப்ளூர் என்ற பெண் ஓநாயைத் தன் ஆண் நாயோடு சேர்த்தார். நல்ல வேலைக்கார நாய் கிடைக்கும் என்று நம்பினார்.

கிடைத்ததோ கூச்சம் மிகுந்த நாய்! புது ஆளைக் கண்டால் பாயவில்லை, பின்வாங்கியது. காவலுக்கு அது பொருந்தவில்லை. ஆனாலும் அதன் அழகையும் அமைதியையும் விரும்பி வளர்த்தவர்கள் இருந்தார்கள்.

சார்லோஸ் 1969-இல் காலமானார். 1975-இல் அந்த இனத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

பின்னாளில் அந்த இனத்துக்கு வேறொரு சோதனை வந்தது. சில நாய்களிலிருந்தே எல்லாக் குட்டிகளும் வந்ததால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர வேண்டியதாயிற்று. நோய்கள் தலைகாட்டின. எனவே வளர்ப்பவர்கள் கூடிப் பேசி, வேறு இன நாய்களின் ரத்தத்தைக் கொஞ்சம் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள்.

சங்கம் பிறந்தது

செக்கோஸ்லோவாகியாவில் என்ன நடந்தது?

நாய்கள் இருந்தன. ஆனால் அங்கீகாரம் இல்லை. தனி இனம் என்று பதிவு செய்யக் கேட்டபோது உடனே கிடைக்கவில்லை. நாய்கள் பெரும்பாலும் படையின் கொட்டில்களில் இருந்தன. வீட்டில் வைத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். யாருடைய நாய் எந்த நாய்க்குப் பிறந்தது என்பதைச் சொல்ல ஒரு பொது ஏடு வேண்டியிருந்தது.

1982 மார்ச் மாதம், பிரனோ நகரத்தில் அவர்கள் ஒன்று கூடினார்கள். சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டில் அந்த நாய் நாட்டின் சொந்த இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது! 1999-இல் உலக நாய் வளர்ப்போர் கூட்டமைப்பும் அதை நிலையான இனமாக ஏற்றது.

சோதனை தொடங்கி, சொந்த நாட்டில் ஒரு பெயர் கிடைக்க 27 ஆண்டுகள்!

கூட்டத்தில் என்ன செய்கிறார்கள்?

நாய்ச் சங்கக் கூட்டம் என்றால் பரிசும் படமும் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

நாயை நிறுத்தி உயரத்தை அளக்கிறார்கள். ஆண் நாய் 65 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பெண் நாய் 60 சென்டிமீட்டர். பல், கண், கால், நடை எல்லாவற்றையும் பார்த்துக் குறிக்கிறார்கள். புது ஆள் நெருங்கினால் நாய் என்ன செய்கிறது என்பதையும் எழுதுகிறார்கள்.

ஓட்டச் சோதனையும் உண்டு. தூரம் 40, 70, 100 கிலோமீட்டர்! ஓநாயின் நெஞ்சுரம் குறையாமல் இருக்கிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

குறை உள்ள நாயை யாரும் வெறுப்பதில்லை. வீட்டில் செல்லமாக வளர்க்கலாம். ஆனால் அதைக் கொண்டு குட்டி எடுப்பதில்லை.

புதிதாக வாங்கியவர்களுக்கு இந்தக் கூட்டம் பள்ளிக்கூடம். சிறு வயதிலேயே பல மனிதரையும் பல நாய்களையும் பார்த்துப் பழகாத குட்டி, பெரிதானதும் எல்லாவற்றுக்கும் மிரளும். மிரண்ட நாய்தான் கடிக்கும். எனவே குட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவதே ஒரு வைத்தியம்!

நம் நாட்டில் வளர்க்கலாமா?

படத்தைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. ஆனால் நம் நாட்டில் ஓநாய், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஓநாயை நாயோடு சேர்க்கும் சோதனைக்கு இங்கே இடமில்லை.

2024 மார்ச்சில் மத்திய அரசு, ஆபத்தானவை என்று 23 வகை நாய்களைக் குறிப்பிட்டு, அவற்றின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் நிறுத்தச் சொன்னது. அந்தப் பட்டியலில் ஓநாய் நாயும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உரியவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்பது காரணம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குளிர் நாட்டுக்கு ஏற்ற அடர்ந்த மயிர் கொண்ட நாய், மரக்காணத்துச் சித்திரை வெயிலில் என்ன பாடுபடும்?

நம்மிடமும் அரிய நாய்கள் உண்டு

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான நாய்கள் சில உண்டு. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய், சிப்பிப்பாறை நாய். தேனி மாவட்டத்துக் கோம்பை நாய். இவற்றோடு கன்னி நாய். இவை நம் வெயிலுக்குப் பழகியவை.

உப்புக்கும் நாய்க்கும் உள்ள உறவும் பழையதுதான். அகநானூற்றில் அம்மூவனார் பாட்டு ஒன்று உண்டு. உப்பு விற்கும் பெண் தெருவில் கூவி வருகிறாள். குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் வெருண்டு பார்க்கிறாள்! நாய்க்கு அந்தப் பாட்டில் ஞமலி என்று பெயர்.

இந்த நாய்களைக் காக்கச் சில முயற்சிகள் நடந்தன. 1980-81-இல் தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005 ஜனவரியில் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளிவந்தது. 2020-இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தனி இனங்களாகத் தேசிய அளவில் பதிவாயின.

அரசாங்கம் இனத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டுக் குட்டிக்கும் தாய் எது, தகப்பன் எது என்று வளர்ப்பவர்தான் எழுதி வைக்க வேண்டும்.

எழுதாவிட்டால் என்ன கேடு?

ஊரில் ஓர் ஆண் நாய் மிக அழகு. எல்லோரும் அதையே இணை சேர்க்கிறார்கள். நான்கு வீட்டில் குட்டிகள். எல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள். இரண்டு வருஷம் கழித்து அந்தக் குட்டிகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கிறார்கள். அண்ணன் தங்கை என்பது யாருக்கும் தெரியாது! பிறகு குட்டிகள் சாகின்றன. அல்லது ஊனத்தோடு பிறக்கின்றன. வெள்ளை நிறத்தையே பார்த்துப் பார்த்து எடுத்ததால், ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவையும் பிறப்பதுண்டு.

உப்பளத் தொழிலாளிக்கு இது நன்றாக விளங்கும். உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றாமல், அதையே பாத்தியில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அடுத்து வாரும் உப்பு கசக்கும். பாத்திக்குப் புது நீர் வேண்டும். நாய் இனத்துக்கும் வெளியூர் ரத்தம் வேண்டும்.

உப்புக் கரையில் கூடுவது எப்படி?

மரக்காணம் பக்கம் பத்துக் குடும்பங்களிடம் நாட்டு நாய்கள் இருந்தால் போதும். ஒரு சங்கம் தொடங்கலாம். முதல் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்!

நாயின் பெயர், பிறந்த தேதி, தாய், தகப்பன், நிறம், உயரம், போட்ட ஊசி ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். பொய்ப் பெருமை ஏட்டைக் கெடுத்துவிடும்.

கூடும் நேரம் விடியற்காலை. வெயில் ஏறினால் தரை சுடும்; நாயின் பாதம் வெந்துவிடும்.

கூடும் இடம் உப்புப் பாத்தி ஓரமாக இருக்கக்கூடாது. தாகத்தில் நாய் உப்பு நீரைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். கால் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

கயிறு இல்லாமல் எந்த நாயும் வரக்கூடாது. பக்கத்தில்தான் கழுவெளி இருக்கிறது. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தூர தேசத்திலிருந்து வந்து இறங்கும் பறவைகளை வேட்டை நாய் விரட்டினால் பழி சங்கத்தின் மீது விழும்.

பருவத்தில் இருக்கும் பெண் நாய் அன்று வீட்டிலேயே இருக்கட்டும். சண்டை மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநாய்க்கடி ஊசி. அந்த நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரோ நாயோ பிழைப்பது அரிது. ஊசிச் சீட்டு இல்லாத நாய்க்குக் கூட்டத்தில் இடம் இல்லை என்பதே முதல் விதியாக இருக்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவரைக் கூட்டத்துக்கே அழைக்கலாம். சங்கத்தில் சேராதவர்களின் நாய்களுக்கும் அன்றே ஊசி போட ஏற்பாடு செய்தால், ஊரே வாழ்த்தும்.

சட்டமும் தெரிய வேண்டும்

சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது.

குட்டி எடுத்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. இவை 2017-ஆம் ஆண்டு விதிகள். தாயிடம் பால் குடித்து, கூடப் பிறந்தவற்றோடு விளையாடி வளர்ந்த குட்டிதான் குணமுள்ள நாயாகும்.

விலைக்கு வாங்கிய நாய் வீட்டுக்குப் பெருமை. அதன் தாய் தகப்பன் பெயரைப் பத்து வீடு சேர்ந்து எழுதி வைத்தால் அது ஊருக்கே சொத்து. பிரனோ நகரத்தில் கூடியவர்கள் செய்தது இதைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லலாம்!