மதுவின் சேதத்தை மாத்திரை சரிசெய்யுமா?

"ரெட் ஒயினில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, அளவோடு குடித்தால் உடம்புக்கு நல்லது" என்று வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் உடன் இருப்பவர்கள் சொல்வதுண்டு. குடித்த மறுநாள் வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பது இதன் இன்னொரு வடிவம். இரண்டிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. ஆக்சிஜன் எரியும் இடத்தில் 'ஃப்ரீ ராடிக்கல்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகளும் உண்டாகும். மூளைச் செல்களின் சுவர்கள் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்புகளால் ஆனவை. எண்ணெய் காறிப்போவது போன்ற மாற்றம் அங்கே நடக்கக்கூடும். இதைத் தடுக்கத்தான் குளூட்டாதயோன் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களை உடலே தயாரிக்கும்படி வல்ல இறைவன் அமைத்திருக்கிறான்.

மது உள்ளே போனால் இந்த ஏற்பாடு இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. பெரும்பகுதி மது கல்லீரலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. மூளைக்குள் போகும் மதுவும் அங்குள்ள என்சைம்களால் அதே நச்சாக மாறுகிறது. அப்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன, குளூட்டாதயோன் குறைகிறது. தாக்குபவர் கூடி, காவலர் குறைந்த நிலை.

ஒயினுக்கு வருவோம். அதில் பேசப்படும் ரெஸ்வெரட்ரால் திராட்சைத் தோலிலிருந்து வருவது. ஒரு லிட்டர் ஒயினில் இருப்பதே சில மில்லிகிராம்தான். திராட்சையைத் தின்றாலே அது கிடைக்கும்போது மது எதற்கு? மதுவில் சில பயன்கள் இருந்தாலும் அதன் கேடே பெரிது என்ற கருத்தை அல்பகரா 219ஆம் வசனத்தில் காண்கிறோம். பின்னர் அல்மாயிதா 90ஆம் வசனம் அதை முற்றாகத் தடுத்துவிட்டது. ஆய்வகம் என்ன சொன்னாலும் நமக்கு அந்தத் தடையே போதும். ஆனாலும் 2023ல் உலக சுகாதார நிறுவனமும், பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் இல்லை என்றே அறிவித்தது.

மாத்திரை விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. எலிகளுக்கு வைட்டமின் ஈ போன்றவற்றைக் கொடுத்த ஆய்வுகளில் மூளைச் சேதம் குறைந்தது உண்மை. குடிக்கும் மனிதரின் மூளையை மாத்திரை காப்பாற்றும் என்பதோ நிரூபிக்கப்படவில்லை. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994ல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது. அவர்களிலும் அதிகம் குடித்தவர்களிடமே பாதிப்பு அதிகம் தெரிந்தது. காரட் சாப்பிடுவது வேறு, மாத்திரை வேறு.

குடிப்பவர்களுக்கு மருத்துவர்கள் அவசியம் கொடுக்கும் வைட்டமின் ஒன்று உண்டு. அது தயமின் என்கிற பி1. மது அதைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அது மிகவும் குறைந்தால் மனக்குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வரும். 1881ல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் இது. போதையில் இருக்கிறான் என்று வீட்டார் விட்டுவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். உடனே மருத்துவமனையில் ஊசி வழியாக பி1 ஏற்ற வேண்டும்.

நம் வீடுகளில் நடக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜமாஅத்துக்குத் தெரிந்தால் அவமானம் என்று மகனின் குடியை மறைப்பார்கள். பிறகு ஒருநாள் தவ்பா செய்யவைத்து அறையில் பூட்டிவைப்பார்கள். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களில் வலிப்பு வரலாம். அதையடுத்து உடல் நடுக்கம், இல்லாததைக் காண்பது, கடும் குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தவ்பா செய்யட்டும், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள்தாம் நபி (ஸல்) அவர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.

நிறுத்தியவர்களுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. குடியால் சுருங்கிய மூளை, நிறுத்திய சில வாரங்களிலேயே ஓரளவு மீளத் தொடங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த மாதங்களில் பயறு, புழுங்கல் அரிசிச் சோறு, கீரை, நெல்லிக்காய், மீன் என்று வீட்டுச் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுங்கள். மருத்துவர் எழுதித் தராத சத்து மாத்திரைகளுக்குச் செலவிட வேண்டாம்.