வேதிப்பொறியியலில் மேற்கல்வி

உழவர்க்கு உரமும், நோயுற்றார்க்கு மருந்தும், ஊர்திகளுக்கு எரிநெய்யும் பேரளவில் ஆக்கித் தரும் துறை வேதிப்பொறியியல் ஆகும்.

வேதியியலார் வேறு, வேதிப்பொறியாளர் வேறு. முன்னவர் ஒரு பொருளைச் சிறு குடுவையில் ஆக்கிக் காண்பர். பின்னவர் அதனையே பெருங்கலத்தில், டன் கணக்கில், கேடின்றி ஆக்குவர். இஃது எளிய செயல் அன்று. ஒரு கலத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் 10 மடங்காக்கினால், அதன் கொள்ளளவு 1000 மடங்காகும். புறப்பரப்போ 100 மடங்கே ஆகும். வினையால் எழும் வெப்பம் பொருள் முழுவதிலும் தோன்றுகிறது. ஆனால், அது வெளியேறும் வழி புறப்பரப்பே. ஆதலின், குடுவையில் தானே தணியும் வெப்பம், பெருங்கலத்தில் தங்கிப் பெருகிக் கேடு விளைத்தலும் உண்டு.

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபால் நகரில் நேர்ந்த துயரம் இதற்குச் சான்றாகும். மெத்தில் ஐசோசயனேட்டு இருந்த தொட்டியினுள் நீர் புகுந்தது, வெப்பம் மிகுந்தது. அதனைத் தணித்தற்குரிய குளிரூட்டும் பொறியோ முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. நச்சு வளி வெளிப்பட்டு ஊரினுள் பரவவே, பல்லாயிரவர் உயிரிழந்தனர். இத்துறையில் ஆழ்ந்த கல்வி வேண்டப்படுவதன் காரணம் இதனால் இனிது விளங்கும்.

மேல்நிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைப் பயின்றோர், நான்காண்டுகள் கற்று இளநிலைப் பட்டம் பெறுவர். அதன்பின் அவர்க்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எம்.டெக். என்னும் முதுநிலைத் தொழில்நுட்பப் பட்டம். இஃது ஈராண்டுக் கல்வி. பாடங்களும் ஓர் ஆய்வுப் பணியும் இதில் அடங்கும். இரண்டாவது, ஆய்வு வழி எம்.எஸ். பட்டம், இதில் பாடங்கள் குறைவு, ஆய்வு மிகுதி. 1959-இல் நிறுவப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இவ்விரண்டும் உள்ளன. மூன்றாவது, முனைவர் பட்டம். முன்னர் எவரும் அறியாத ஓர் உண்மையைக் கண்டு நிறுவுவார்க்கே இப்பட்டம் உரியது. முதுநிலை முடித்தோரேயன்றி, இளநிலையில் மிகச் சிறந்து விளங்கினோரையும் சில நிறுவனங்கள் இதற்கு நேரே ஏற்றுக்கொள்கின்றன.

இவற்றுட் சேர விரும்புவோர்க்குப் பெரிதும் பயன்படுவது, 'கேட்' எனப்படும் பொறியியல் பட்டதாரித் தகுதித் தேர்வு. மூன்று மணி நேரத்தில் 65 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். மொத்த மதிப்பெண் 100. கணிதம், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பப் பெயர்ச்சி, பொருட்பெயர்ச்சி, வினைப் பொறியியல் முதலியன இதன் பாடங்கள். பெற்ற தகுதி மூன்றாண்டுகள் செல்லும். ஆய்வுப் படிப்புகளுக்கு நேர்காணலும் நடைபெறும்.

வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் சென்னையில் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரி இத்துறையை நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. அஃது 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று.

பட்டம் பெறுதல் ஒருவர்க்கு வாழ்வும் பெருமையும் தரும். ஆயினும், ஆலையைச் சூழ்ந்த குடிசைகளில் அச்சமின்றி உறங்கும் மக்களின் நலமே வேதிப்பொறியாளர் கற்ற கல்வியின் பயனாகும். இன்று வகுப்பறையில் பரப்பும் கொள்ளளவும் கணக்கிடும் மாணவர், அக்கல்வியின் முதற்படியில் நிற்கின்றனர்.